ஓடைக்கு அப்பால் ஒரு வன்னிமரம்

"நாட்டைக் குடுத்தீங்க, போகட்டும். மரத்தையுமா தூக்கிக் குடுப்பீங்க?"

"மெதுவா பேசு கோஜ்ரா. தெருவுக்கே கேக்குது."

"கேக்கட்டும்னுதான் வந்திருக்கேன். உங்க வீட்டுக்காரர் காதுலதான் விழல, தெருவு காதுலயாவது விழட்டும்!"

திவான் மோரோபந்த்தின் வீட்டு முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகாய்க்கு இந்தப் பக்கம் கோஜ்ராபாயும் அந்தப் பக்கம் திவானின் மனைவி காசிபாயும் நின்றிருந்தார்கள். திவான் உள்ளே பூஜையில் இருந்தார். மற்ற நாட்களில் தலை ஈரம் உலர்வதற்குள் முடிந்துவிடுகிற பூஜைதான். இன்றைக்கு வாசலில் கோஜ்ராபாயின் குரல் கேட்டதிலிருந்து அது நீண்டுகொண்டே போனது. ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்பதற்கு அடையாளமாக அவ்வப்போது மணி மட்டும் அடித்தது.

"அவர் என்ன வேணும்னா எழுதினார்?" என்றாள் காசிபாய். "சித்திரை வெயில்ல எழுதின உடன்படிக்கை. ஓடை காஞ்சு கெடந்துச்சு. ஓடைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கும்பினித் துரை கேட்டாராம். கம்பங்கொல்லையும் கள்ளியும்னு இவர் சொன்னாராம். சித்திரையில யாருக்கு தசரா ஞாபகம் வரும்?"

"எங்க வீட்டுல வருஷம் பூரா வரும்."

அது உண்மைதான். பளஸ்கட் சமஸ்தானத்தில் தசரா என்றால் எல்லை தாண்டுவது. ராஜா படையோடு கிளம்பி, ஊர்க்கோடி ஓடையைக் கடந்து, அக்கரையிலுள்ள பழைய வன்னிமரத்துக்குப் பூஜை போடுவார். பூஜை முடிந்ததும் மரத்தின் இலையைப் பொன் என்று சொல்லி எல்லோரும் அடித்துப் பிடித்துப் பறிப்பார்கள். அந்தக் காலத்து ராஜாக்கள் அப்படியே நேரே சண்டைக்குப் போவார்களாம். பிற்காலத்தவர்கள் மரம் வரை போய்விட்டுப் போளி சாப்பிடத் திரும்பிவந்தார்கள். எப்படியானாலும் தண்ணீரைத் தாண்டியாக வேண்டும். தண்ணீரில் முதலில் இறங்குவது ராஜாவின் குதிரை இல்லை, கொடிக் குதிரை. அந்தக் கொடியைத் தலைமுறை தலைமுறையாகச் சுமப்பது கோஜ்ராபாய் வாழ்க்கைப்பட்ட குடும்பம். ஊரில் அவர்கள் வீட்டுக்குக் கொடிவீடு என்றே பெயர். கோஜ்ராபாய் காய்கறி பேரம் பேசும்போதுகூட அந்தப் பெயரை ஒருமுறையாவது சொல்லாமல் விட்டதில்லை.

இப்போது ஓடைக்கு அக்கரை கும்பினியாருடையது. அது எப்படி ஆனது என்றால், போன தசரா முடிந்த கையோடு பிண்டாரிக் கொள்ளைக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று ஊரே நடுங்கியது. கும்பினியார் ஆள் அனுப்பினார்கள்: பயப்படாதீர்கள், எங்கள் பட்டாளம் ஒன்று உங்கள் ஊரிலேயே இருந்து காக்கும், அதன் சோற்றுக்கும் சம்பளத்துக்கும் கொஞ்சம் நிலத்தை மட்டும் எழுதிக்கொடுங்கள் என்று. ராஜா மானாஜிராவ் இளம்பிள்ளை, சந்தோஷமாக முத்திரை வைத்தார். பிண்டாரிகள் வரவே இல்லை. பட்டாளம் வந்தது, ஓடைக்கு அப்பால் வரிசையாகக் கூடாரம் அடித்தது, பிறகு சுவர் எழுப்பியது. நம்மைக் காக்கத்தான் பட்டாளம் இருக்கிறதே, சொந்தக் குதிரைப்படை எதற்கு என்று துரை கேட்டார். குதிரைப்படை கலைந்தது. வேறு சமஸ்தானத்துக்கு ராஜா கடிதம் எழுதினால் அது துரை கைவழியாகத்தான் போக வேண்டும். ராஜாவின் ஆயுதம் தாங்கிய ஆள் எவனும் எல்லைக்கு வெளியே கால் வைக்கக்கூடாது. எல்லாம் உடன்படிக்கையில் இருந்தது. எல்லை எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. எல்லை ஊர்க்கோடி ஓடைக்கு நகர்ந்துவிட்டது. வன்னிமரம் பட்டாளத்தின் குதிரைலாயத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"துரை வரவேண்டாம்னு சொல்லலியே" என்றாள் காசிபாய், கொஞ்சம் இறங்கி. "தாராளமா வரலாம்னுதான் சொல்லியிருக்கார்."

"எப்படி?"

"பாலத்து வழியா. விருந்தாளியா. பட்டாளத்துக் கொடி முன்னால போகுமாம், பாண்டு வாசிப்பாங்களாம். ராஜாவுக்கு மரியாதையா பீரங்கிகூட வெடிப்பாங்களாம். ஆயுதம் மட்டும் கொண்டுவரக் கூடாதாம்."

"ஆயுத பூஜை அன்னிக்கு ஆயுதம் இல்லாம! நம்ம ராஜா என்ன சொன்னார்?"

"பீரங்கி எத்தனை தடவை வெடிக்கும்னு கேட்டார்."

கோஜ்ராபாய் மூக்கு வளையத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டு மிளகாயைச் சுற்றி நடந்து காசிபாயின் பக்கத்துக்கே போனாள். குரல் இறங்கியது. அவள் குரல் இறங்கினால்தான் விஷயம் பெரிது என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"காசியக்கா, மைனாவைப் பாக்க தசராவுக்கு விசாஜிராவ் வர்றார்."

காசிபாய்க்கு இது தெரியும். ஊருக்கே தெரியும். தேவ்ராய் சமஸ்தானத்தில் விசாஜிராவின் வீடு முரசுவீடு. அங்கே ராஜா எல்லை தாண்டும்போது பெரிய முரசை அடிப்பது அவர்கள் உரிமை. அவர் மகன் யேசாஜிக்குக் கோஜ்ராபாயின் மகள் மைனாவைக் கேட்டு வந்தபோது நகை பற்றியோ நிலம் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை. ஒரே ஒரு பேச்சு: தசரா அன்று உங்கள் கொடி முதலில் தண்ணீரில் இறங்குவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அங்கேயே சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்ளலாம். மைனா யேசாஜியை ஒரு கோயில் திருவிழாவில் பார்த்திருக்கிறாள். அவன் ஊரில் எத்தனை கிணறு, எந்தக் கிணற்றில் தண்ணீர் இனிக்கும் என்பதெல்லாம் இப்போதே அவளுக்குத் தெரியும். முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களைக் கொடிவீட்டுக்குச் சமமில்லை என்று கோஜ்ராபாய் தானே தட்டிக்கழித்தவள். இதுவும் போனால் மூன்றாவது ஒருவன் வரப்போவதில்லை.

"பட்டாளத்துக் கொடிக்குப் பின்னாடி எங்க வீட்டுக்காரர் பாலத்து மேல நடந்துபோறதைப் பாத்தா, அந்த மனுஷன் வந்த குதிரையிலயே திரும்பிப் போயிடுவார்" என்றாள்.

மணி அடித்து, பூஜை ஒருவழியாக முடிந்து, மோரோபந்த் வெளியே வந்தார். "வேற பக்கமா தாண்டலாமேன்னு நானும் யோசிச்சேன் அம்மா" என்றார். "மேற்கே மலை, அதுக்கு அந்தப் பக்கத்து ராஜாவும் கும்பினி பாதுகாப்புல இருக்கார். அங்க தாண்டினா படையெடுப்புன்னு எழுதிடுவாங்க. வடக்கேயும் அதே கதை. தெற்கே சுடுகாடு. ஒரு ராஜா எல்லை தாண்ட நாலு திசையிலயும் இடமில்லை."

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள் கோஜ்ராபாய்.

அவர் துளசிமாடத்துக்குத் தண்ணீர் விடப் போனார். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் சின்ன வாய்க்காலாக முற்றத்தை ஒட்டி ஓடி வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது. திவான் அதைத் தாண்டும்போது வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். கோஜ்ராபாய் அந்த வேட்டியையே பார்த்தாள்.

"அக்கா, ராஜா தோட்டத்துக்கு ஓடைத் தண்ணி வருதில்ல?"

"வருது."

"அதையே கொஞ்சம் அகலமா வெட்டினா? ரெண்டு கரையும் நம்ம ராஜாவோடதுதானே. துரைக்கு என்ன வந்தது?"

காசிபாய் மிளகாய்க் கையோடு கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள், எரிச்சலில் கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் சிரித்தாள். "வெளியூர்க்காரருக்கு ஓடை எது, வாய்க்கால் எதுன்னு எப்படித் தெரியும்?"

சாயங்காலம் தர்பாரில் இந்த யோசனையை மோரோபந்த் தன் யோசனையாகச் சொன்னார். ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. பீரங்கி உண்டா என்று மட்டும் கேட்டார். தோட்டத்தில் எல்லை தாண்டினாலும் அக்கரையிலிருந்து பீரங்கி வெடிக்கத் துரைக்கு ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தது. துரை எப்போதுமே தன்மையான மனிதர். எதையும் மறுத்ததே இல்லை என்பதுதான் அவரிடம் இருந்த தொல்லை.

தோட்டத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். இலைக்கு ஏற்பாடு கோஜ்ராபாயினுடையது. அவள் அக்கா மகன் நிம்பாஜி போன வருஷம்வரை அவள் கணவரின் கொடிக்குப் பின்னால் குதிரை ஓட்டியவன். குதிரைப்படை கலைந்த மறுவாரமே சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு அக்கரையில் பாரா நின்றான். இலாயத்துப் பக்கம் நிற்கும்போது வன்னிக் கிளைகளை ஒடித்துச் சாக்கில் கட்டிப் பாலத்தடியில் கொண்டுவந்து கொடுத்தான்.

"சித்தி, பாத்து. எங்க அவில்தார் கேட்டா ஆட்டுக்குன்னு சொல்லியிருக்கேன்."

"ராஜாவுக்கு ஆட்டுத்தழை! வெளங்கிடும்டா" என்றாள் கோஜ்ராபாய். சாக்கை வாங்கிக்கொண்டாள்.

இத்தனைக்கும் நடுவில் அவள் கணவர் சிதோஜிராவ் வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான் என்று அவளே சொல்லுவாள். காலையில் குதிரைக்குத் தேய்த்துவிட்டு, கொடியின் ஜரிகையை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி சுருட்டி வைத்தார். குதிரைக்கு மின்னல் என்று பொருள்படும்படி பிஜ்லி என்று பெயர் வைத்திருந்தார்கள். கிழட்டுப் பெண்குதிரை. அதன் நடையைப் பார்த்தால் பெயர் வைத்தவர் எங்கோ வேறு குதிரையைப் பார்த்துக்கொண்டு வைத்துவிட்டார் என்று தோன்றும்.

விசாஜிராவ் தசராவுக்கு முதல்நாளே மகனோடு வந்துவிட்டார். பெரிய மீசை, தலைப்பாகையின் ஓரம் நைந்திருந்ததைக் கோஜ்ராபாய் வாசலிலேயே கவனித்துவிட்டாள். மோர் குடித்துவிட்டு முதல் கேள்வியே "ஓடையில தண்ணி எவ்வளவு?" என்பதுதான்.

"குதிரைக்கு முழங்கால் இருக்கும்" என்றாள், வாய்க்காலை நினைத்துக்கொண்டு, கொஞ்சம் கூட்டியே.

மறுநாள் பிற்பகல் ராஜாவின் தோட்டத்தில் ஊரே கூடியது. ஆண்கள் வாய்க்காலின் இருபுறமும், பெண்கள் மதில்மேல். அக்கரை என்று வைத்துக்கொண்ட இடத்தில் வெட்டிவந்த வன்னிக்கிளைகளை மூங்கிலில் கட்டி மரம்போல நட்டிருந்தார்கள். கோஜ்ராபாய் விசாஜிராவுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தாள், சூரியன் கண்ணில் அடிக்கிற பக்கமாக.

கொம்பு ஊதினார்கள். சிதோஜிராவ் கொடியோடு வந்தார். அவருக்குப் பின்னால் ராஜா மானாஜிராவ், அவருக்குப் பின்னால் மிச்சமிருந்த ஒருசில குதிரைகள். பிஜ்லி வாய்க்கால்வரை வந்தது. நின்றது. தலையைத் தாழ்த்தித் தண்ணீரை மோந்து பார்த்தது.

பிறகு வாய்க்காலைத் தாண்டிவிட்டது. இறங்கித் தாண்டியிருந்தால் பரவாயில்லை. ஒரே எட்டு, குளம்பில் ஒரு சொட்டுப் படாமல், வழியில் கிடக்கிற பள்ளத்தைத் தாண்டுவதுபோல.

மதில்மேல் ஒருத்தி சிரித்தாள். கோஜ்ராபாய் யாரென்று திரும்பிப் பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டாள்.

பிஜ்லி மூங்கில் மரத்தருகே நிற்கவில்லை. அதற்கு வருஷா வருஷம் தெரிந்த ஒரே காரியம், கொம்புச் சத்தம் கேட்டால் ஓடைவரை நடப்பது. மூங்கிலைச் சுற்றிக்கொண்டு, தோட்டத்து வாசல் வழியே வெளியேறி, ஓடைப் பாதையில் நடக்க ஆரம்பித்தது. ராஜாவின் குதிரைக்கும் ஒரே பாடம்தான், கொடி போகும் இடத்துக்குப் போவது. மற்றக் குதிரைகளும் பின்னால் போயின. ஊர் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து நின்றுவிட்டு ஓடியது.

"கடிவாளத்தை இழுங்க! ஏங்க, இழுங்க!" கோஜ்ராபாய் மதிலிலிருந்து இறங்கிப் புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்போடு ஓடினாள். முன்னால் மோரோபந்த், தலைப்பாகை ஒருபக்கம், அவர் ஒருபக்கம்.

அவள் கரைக்கு வந்து சேர்ந்தபோது பிஜ்லி ஓடையில் இறங்கிவிட்டிருந்தது. மழைக்காலம் முடிந்து ஓடை நிறைந்து ஓடியது. தண்ணீர் குதிரையின் வயிற்றைத் தொட்டது. கொடி காற்றில் விரிந்திருந்தது. இத்தனை வருஷமாகப் பார்க்கிற காட்சிதான். இறங்கிவிட்டது, இவர் இறங்கிவிட்டார், சம்பந்தி பார்க்கிறார். அவளுக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

அக்கரையில் சிவப்புச் சட்டை ஒன்று துப்பாக்கியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரம்வரை ஓடிவந்தது. நிம்பாஜி.

"சித்தப்பா! நில்லுங்க சித்தப்பா! இதுக்குமேல வந்தா என் வேலை போயிடும்!"

சிதோஜிராவ் நடு ஓடையில் நின்றார். திரும்பிப் பார்த்தார். முறைப்படி அவருக்குப் பின்னாலேயே ராஜா இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கரைமேல் குதிரையை நிறுத்தியிருந்தார். அவர் பார்வை கொடியின்மேல் இல்லை. அக்கரை பங்களாவின் தாழ்வாரத்தில் துரை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். துரை கோபிக்கவில்லை. தொப்பியை எடுத்து, நல்ல சிநேகிதனைப் பார்த்ததுபோல ஆட்டினார். ராஜா கையைத் தூக்கிப் பதிலுக்கு ஆட்டினார்.

பீரங்கி வெடித்தது. இரண்டாவதாக வெடிக்கும்போது ராஜா குதிரையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஊரும் திரும்பியது. நடு ஓடையில் கொடி மட்டும் கொஞ்சநேரம் நின்றது. பிஜ்லி அக்கரை வன்னிமரத்தைப் பார்த்துக் காதை விறைத்தது. பிறகு சிதோஜிராவ் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, மெதுவாகத் திருப்பினார். கரையில் நின்றிருந்த விசாஜிராவ் எல்லாவற்றையும் பார்த்தார்.

வீட்டில் போளி அடுக்கியிருந்தது. கோஜ்ராபாய் பரிமாறினாள். நெய்யை அளவுக்கு மீறி ஊற்றினாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் மைனா அழவில்லை, அழுதால் பேச்சு கேட்காதே. சிதோஜிராவ் பசியோடு சாப்பிட்டார். அந்த மனிதருக்கு எப்படித்தான் இறங்குகிறதோ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கடிவாளத்தை இழுத்திருக்கலாமில்ல?" என்று குனிந்து பல்லைக் கடித்தாள்.

"இழுத்தேன்."

"பொய்."

அவர் இன்னொரு போளி கேட்டார்.

விசாஜிராவ் கையைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, தோட்டத்துல அந்தச் சாக்கடையை எதுக்கு வெட்டியிருந்தீங்க?"

கோஜ்ராபாய் நெய்க்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மறைத்துப் பயனில்லை. "அதுதான் எங்க எல்லை, சம்பந்தி. இந்த வருஷம். உங்களுக்காக வெட்டினது. நெசமான எல்லையில துரை இருக்கார். நீங்க முரசுவீடு. உங்க ஊருக்கு முன்னால நாங்க சின்னவங்களா தெரியக் கூடாதுன்னு..." அவள் நிறுத்திக்கொண்டாள். "இப்போ தெரிஞ்சுபோச்சு. பொண்ணு நல்லவ. கொடிக்காக இல்லேன்னாலும் அவளுக்காக யோசிங்க."

கொடிவீட்டு மருமகளாக வந்தபிறகு யாரிடமும் அவள் இப்படிக் கேட்டதில்லை. சிதோஜிராவ் மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

விசாஜிராவ் நைந்த தலைப்பாகையைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டார். "எங்க ஊர்ல முரசு பூட்டிக் கெடக்கு" என்றார். "மூணு தசரா ஆச்சு. எங்க துரையம்மாவுக்குத் தலைவலி வருதுன்னு துரை ரொம்ப மரியாதையா சொல்லி அனுப்பினார். எங்க ராஜா இப்போ அரண்மனை முற்றத்தைச் சுத்தி ஒரு வட்டம் வந்துட்டு, சொம்புத் தண்ணியைத் தாண்டுறார்."

"சொம்புத் தண்ணியா?"

"சொம்புத் தண்ணிதான். நீங்களாவது வாய்க்கால் வெட்டினீங்க."

"அப்போ எங்க கொடியைப் பாத்தே ஆகணும்னு அடம் பிடிச்சீங்களே?"

"இன்னும் எங்கேயாவது நடக்குதான்னு பாக்கத்தான் வந்தேன். உங்க ராஜாவும் எங்க ராஜாவும் நேரா ஒரு வரி எழுதிக்க முடியாது. நாங்க மட்டும்தான் இப்படி ஆயிட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். வெளியில சொல்ல வெக்கம். பொண்ணு கேட்டு வந்தப்போகூட முரசு அடிக்கிற வீடுன்னுதான் சொன்னேன். நீங்க கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன்."

"நான் கேக்கலியே" என்றாள் கோஜ்ராபாய், அதுவும் தன் குற்றம்போல.

யேசாஜி அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்தவன், "நடு ஓடைவரைக்கும் போச்சே அப்பா" என்றான்.

"போச்சு" என்றார் விசாஜிராவ். சிதோஜிராவைப் பார்த்து, "கடிவாளத்தை நீங்க இழுக்கல. நான் கைப்பக்கம்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

சிதோஜிராவின் காது சிவந்தது. கோஜ்ராபாய் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இந்த ஆளைப் பற்றித் தெரியாத ஒன்றை ஒரு வெளியூர்க்காரர் வந்து சொல்வதா என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவருடைய தட்டில் இன்னொரு போளியை வைத்தாள். கேட்காமலே வைத்தாள்.

"சர்க்கரையைக் கொண்டாங்க அம்மா" என்றார் விசாஜிராவ்.

கதவுக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்தது.

கல்யாணத்துக்கு ராஜா, தேவ்ராய் ராஜாவுக்கு முறைப்படி எழுதின அழைப்பு துரை கைவழியாகத்தான் போனது. மாப்பிள்ளைவீட்டார் எத்தனை குதிரையில் வருவார்கள், வாள் உண்டா என்று துரை விசாரித்துவிட்டு அனுப்பி வைத்தார், கூடவே ஒரு கடிகாரமும் பரிசாக. கடிகாரம் வழியிலேயே நின்றுவிட்டது. மைனா தேவ்ராய் போனாள். இனிக்கிற கிணற்றுத் தண்ணீர் உண்மையிலேயே இனிக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். சீதனத்தோடு பிஜ்லியையும் அனுப்பிவிட்டார் சிதோஜிராவ். இங்கே இருந்தால் அடுத்த தசராவுக்கும் யாராவது கடிவாளத்தை இழுக்க வேண்டியிருக்கும் என்றாராம், அவ்வளவு நீளமாக அவர் பேசியதே ஊருக்குச் செய்தி. அங்கே கொம்பு ஊதினால் அது அரண்மனை முற்றத்தில் நிற்காமல் வாசலைப் பார்த்து நடப்பதாகக் கேள்வி.

நிம்பாஜியின் வேலை போகவில்லை. அவன் பட்டாளத்தை எங்கோ வடக்கே மாற்றினார்கள், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டானாம், யார் எவள் என்று கோஜ்ராபாய்க்கே இன்னும் முழுசாகத் தெரியவில்லை, அதில் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. மோரோபந்த் அடுத்த வருஷமே துரையின் கச்சேரிக்கு வேலைக்குப் போய், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டுவீடு கட்டிக் குடியேறினார். காசிபாய்க்குப் போக மனமில்லை, போனாள். பாலத்தைக் கடக்கச் சீட்டு வேண்டும். கோஜ்ராபாய் சீட்டுக் கேட்கப் போவதில்லை. மிளகாய் காயப்போடுகிற நாட்களில் ஓடைக்கரைக்குப் போய் நின்று, காசியக்கா என்று கூப்பிடுகிறாள். அக்கரைக்குக் கேட்கிறது.